பினாப்தலீனா, மெத்தில் ஆரஞ்சா: கொருக்குப்பேட்டையின் ஒற்றை அறைக்கு எந்தப் பாட்டில்?

வட சென்னைக் கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுத்தம் செய்யும் திரவங்கள் தயாரித்து விற்கிறார். பாத்ரூம் ஆசிட், கண்ணாடி துடைக்க அம்மோனியா கலந்த நீர், குழாயில் படிந்த உப்பைக் கரைக்க வினிகர், துணிக்குச் சலவை சோடாக் கரைசல். போன மாதம் ஒருநாள் ராத்திரி போன் செய்தார். குரலில் நல்ல கோபம்.

"இன்னாண்ணா இது, நாலு பர்சன்ட்டுன்னு கணக்குப் போட்டுத்தான் வினிகர் கலக்குனேன். டைட்ரேஷன் பண்ணிப் பாத்தா ஒன்னே கால்கூட வரல. அசெட்டிக் ஆசிட் குடுத்தவன் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டான்."

"பியூரெட்ல என்ன ஊத்துன?"

"காஸ்டிக் சோடாதான்."

"குடுவைல எந்தச் சொட்டு விட்ட?"

"மெத்தில் ஆரஞ்சு. கைல அதான் இருந்துச்சு."

விற்றவர்மேல் தப்பு இருக்க வாய்ப்பில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மணலியில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் இருபது வருடம் பியூரெட் பிடித்தவன் நான். பியூரெட் என்பது ஊற்றிய அளவைக் காட்டும் நீளக் கண்ணாடிக் குழாய். அதிலிருந்து அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் உள்ள அமிலமோ காரமோ எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் டைட்ரேஷன், தமிழில் தரம் பார்த்தல். அது முடிந்ததை நிறம் மாறிக் காட்டுவது நிறங்காட்டி. புதிதாக வருகிற பையன்கள் முதல் வாரத்தில் செய்கிற பிழை இதுதான். கையில் இருக்கிற நிறங்காட்டியை விடுவார்கள், நிறம் மாறும், கணக்கு போடுவார்கள். நிறம் மாறியது உண்மை. எந்த இடத்தில் மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

அவர் கடைசியில் கேட்டது எளிய கேள்வி. "ரெண்டு பாட்டில் வாங்கத்தான் காசு இருக்குண்ணா. எது எது வாங்கட்டும்?" இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதில்லை. வீட்டிலேயே சோப், வினிகர் செய்கிறவர்கள், டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நினைக்கிறவர்கள், கிணற்று நீரைச் சோதிக்க விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். ஆகவே அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வலிமை என்ற சொல். கடைவீதியில் 'ஸ்ட்ராங் ஆசிட்' என்றால் தண்ணீர் சேராத கெட்டியான ஆசிட். வேதியியலில் அதற்குப் பெயர் செறிவு. வலிமை என்பது வேறு. அமிலத்தின் மூலக்கூறு தன்னிடம் உள்ள ஹைட்ரஜன் அயனியைத் தண்ணீரில் எவ்வளவு தாராளமாக விடுகிறது என்பதே வலிமை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மொத்தத்தையும் விட்டுவிடும். அசெட்டிக் அமிலத்தை 0.1 மோலார் அளவில் (மோலார் என்பது லிட்டருக்கு எத்தனை மோல் என்ற செறிவுக் கணக்கு) கரைத்தால், நூறு மூலக்கூறில் ஏறக்குறைய ஒன்றேகால்தான் விடும். அதனால்தான் அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1, அசெட்டிக் அமிலத்தின் பிஎச் 2.9. பிஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம், மேலே ஏற ஏறக் காரம்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கூடையை அப்படியே கவிழ்த்து மொத்தமாக விட்டுவிடுவார். பக்கத்தில் சில்லறை விற்கிற அம்மா, கேட்பவருக்கு மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். ஒரு நேரத்தில் தரையில் கிடக்கிற மீனை மட்டும் எண்ணினால் அந்த அம்மாவிடம் சரக்கே இல்லை என்று தோன்றும். வாங்க ஆள் வந்துகொண்டே இருந்தால் அவர் கூடையும் சாயங்காலத்துக்குள் காலியாகும். பிஎச் காட்டுவது தரையில் கிடக்கிற மீனை. தரம் பார்த்தல் எண்ணுவது கூடையில் உள்ள மொத்த மீனை. காரத்தை ஊற்ற ஊற்ற, அசெட்டிக் அமிலமும் தன்னிடம் உள்ளதையெல்லாம் விட்டுத்தான் தீரவேண்டும். ஆக, ஒரே செறிவுள்ள இரண்டு அமிலமும் காஸ்டிக் சோடாவை ஒரே அளவுதான் குடிக்கும். வலிமை அந்த அளவை மாற்றாது. முடிகிற இடத்தின் பிஎச்சை மாற்றிவிடும். நிறங்காட்டியைத் தேர்வது அந்த இடத்தை வைத்துத்தான்.

நிறங்காட்டியும் வலிமை குறைந்த ஓர் அமிலமோ காரமோதான். ஹைட்ரஜனோடு இருக்கும்போது ஒரு நிறம், இழந்ததும் இன்னொரு நிறம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பிஎச் எல்லையில் மாறும். மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரை, சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு. மெத்தில் ரெட் 4.4 முதல் 6.2 வரை, அதுவும் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு. புரோமோதைமால் புளூ 6.0 முதல் 7.6 வரை, மஞ்சளிலிருந்து நீலத்துக்கு. பினாப்தலீன் 8.2 முதல் 10 வரை, நிறமே இல்லாத நிலையிலிருந்து இளஞ்சிவப்புக்கு. லிட்மஸ் ஏறக்குறைய 5-இல் தொடங்கி 8 வரை இழுத்துக்கொண்டே போகும். அமிலமா காரமா என்று பார்க்க அது போதும், தரம் பார்த்தலுக்கு உதவாது.

இனி தம்பியின் வினிகருக்கு வருவோம். 25 மில்லி அசெட்டிக் அமிலத்தில் அதே செறிவுள்ள காஸ்டிக் சோடாவை ஊற்றுகிறோம், இரண்டும் 0.1 மோலார். 25 மில்லி ஊற்றியதும் குடுவையில் மீதம் இருப்பது சோடியம் அசெட்டேட். அசெட்டேட் சும்மா இருக்காது. தண்ணீரிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், ஹைட்ராக்சைடு வெளியே நிற்கும். அதனால் சரியாக முடிந்த இடத்தில் பிஎச் 7 இல்லை, 8.7. அதற்கு ஒரு சொட்டு முன்னால் 7.5, ஒரு சொட்டு பின்னால் 10. பினாப்தலீன் மாறுகிற எல்லை இந்தத் தாவலுக்குள்ளேயே விழுகிறது. ஒரே சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும்.

மெத்தில் ஆரஞ்சு விட்டால் என்ன ஆகும்? பிஎச் 4.4 வந்தால் அது முழு மஞ்சள். அசெட்டிக் அமிலக் கரைசல் 4.4-ஐத் தொட, அமிலத்தில் பத்தில் மூன்று பங்கு தீர்ந்தால் போதும். 25 மில்லி ஊற்றவேண்டிய இடத்தில் ஏழரை மில்லியிலேயே மஞ்சள் ஆகிவிடும். அதுவும் ஒரு சொட்டில் மாறாது. முதல் மில்லியிலேயே சிவப்பு கலைய ஆரம்பித்து, ஆரஞ்சாக நின்று, மெல்ல மெல்ல மஞ்சளாகும். எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்கே தெரியாது.

தம்பி செய்த அளவையும் பார்த்தேன். 10 மில்லி வினிகரை 100 மில்லியாக்கி, அதில் 25 மில்லி எடுத்திருக்கிறார். உண்மையிலேயே 4 சதவீதம் என்றால் 0.1 நார்மல் காஸ்டிக் (காஸ்டிக்குக்கு நார்மலும் மோலாரும் ஒன்றுதான்) 16.7 மில்லி ஆகவேண்டும். அவர் 5 மில்லியில் நிறுத்திவிட்டார். கணக்கில் 1.2 சதவீதம் வந்தது. பத்தில் மூன்று பங்கு. விற்றவரோடு சண்டைக்குப் போகாமல் எனக்குப் போன் செய்தது நல்லதாகப் போயிற்று.

சமையல் வினிகர் நிரப்பி விற்கிறவர்களுக்கும் இது முக்கியம். உணவுக்கான வினிகரில் 100 மில்லிக்கு 3.75 கிராம் அசெட்டிக் அமிலமாவது இருக்கவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நிறங்காட்டி தப்பினால் நல்ல சரக்கும் அந்த விதியில் தோற்றதுபோல் தெரியும்.

பாத்ரூம் ஆசிட்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக்கும் இரண்டுமே வலியவை. 0.1 மோலார் அளவில், முடிவுக்கு ஒரு சொட்டு முன் பிஎச் 4, ஒரு சொட்டு பின் 10. மெத்தில் ஆரஞ்சு, மெத்தில் ரெட், பினாப்தலீன் எதுவானாலும் சரி. ரொம்பவும் நீர்த்த கரைசல் என்றால் மட்டும் கவனம் வேண்டும். பத்து மடங்கு நீர்த்தால் தாவல் 5-இலிருந்து 9-ஆகச் சுருங்கும். மெத்தில் ஆரஞ்சு 0.2 மில்லி முன்னாலேயே மஞ்சளாகிவிடும். இன்னொன்று, சாயம் சேர்ப்பதற்கு முன்னால் சோதிக்கவேண்டும். நீலச் சாயம் கலந்த ஆசிட்டில் எந்த நிறங்காட்டியும் சரியாகத் தெரியாது. அப்புறம், ஆசிட் கேனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மூலையில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒற்றை அறையில் ஓடுவதற்குக்கூட இடமிருக்காது.

அம்மோனியா நீர் வினிகரின் கண்ணாடிப் பிம்பம் மாதிரி. அது வலிமை குறைந்த காரம், பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். முடிகிற இடத்தில் மிஞ்சுவது அம்மோனியம் குளோரைடு, பிஎச் 5.3. மெத்தில் ரெட் மாறுகிற எல்லையின் நடு இடமும் அதுதான். மெத்தில் ஆரஞ்சு கொஞ்சம் தள்ளி மாறினாலும் ஒரு சொட்டுக்குள் அடங்கிவிடும், பெரிய பிழை வராது. இங்கே வினிகருக்குச் சரியாக இருந்த பினாப்தலீன்தான் கெடுத்துவிடும். 25 மில்லி ஆகவேண்டிய இடத்தில் 22.5 மில்லிக்குள் இளஞ்சிவப்பு முழுக்க வெளுத்துப் போயிருக்கும். பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

வலிமை குறைந்தது என்பதை 'ஆபத்து குறைந்தது' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பாடப்புத்தகத்தில் அது வலிமை குறைந்த காரம். ஹைட்ரோபுளோரிக் அமிலமும் வலிமை குறைந்த பட்டியலில்தான் வருகிறது. அது தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை போகும். பிள்ளைகளுக்கு வலிமை பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

வினிகரும் அம்மோனியாவும் கையில் இருக்கிறதே, ஒன்றை வைத்து மற்றொன்றை அளந்தால் என்ன என்று தம்பி கேட்டார். கூடாது. இரண்டும் வலிமை குறைந்தவை. முடிகிற இடத்தில் பிஎச் 7-ஐ ஒட்டி மெல்ல நகருமே தவிரத் தாவாது. எந்த நிறங்காட்டியும் கூர்மையாக மாறாது. பியூரெட்டில் எப்போதும் வலிய அமிலமோ வலிய காரமோதான் இருக்கவேண்டும்.

சலவை சோடாவில்தான் இரண்டு பாட்டிலின் அருமையும் சேர்ந்து தெரியும். எங்கள் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால். சோடியம் கார்பனேட் இரண்டு படியாக அமிலத்தை வாங்கும். முதல் படியில் பைகார்பனேட் ஆகும், அப்போது பிஎச் 8.3 அளவில் இருக்கும். இரண்டாவது படியில் கார்பானிக் அமிலமாகி, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். அது முடிகிற இடம் 4-ஐ ஒட்டி. லிட்டருக்கு 5.3 கிராம் நீரற்ற சோடா கரைத்த கரைசலில் 25 மில்லி எடுத்து 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், பினாப்தலீன் 12.5 மில்லியில் வெளுக்கும். அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு விட்டுத் தொடர்ந்தால் 25 மில்லியில் மாறும். பினாப்தலீன் மட்டும் வைத்திருக்கிறவர் பாதிச் சோடாவை இழப்பார். இரண்டும் வைத்திருக்கிறவருக்கு இன்னொரு விஷயமும் தெரியும். முதல் வாசிப்பு இரண்டாவதில் சரிபாதிக்கு மேல் இருந்தால் சோடாவில் காஸ்டிக் கலந்திருக்கிறது. பாதிக்குக் கீழே என்றால் பைகார்பனேட் கலந்திருக்கிறது. மணலி ஆலைகளில் கொதிகலன் நீருக்குத் தினமும் 'பி' என்றும் 'எம்' என்றும் இரண்டு வாசிப்பு எழுதுவோம். பினாப்தலீனின் பி, மெத்தில் ஆரஞ்சின் எம்.

வீட்டிலேயே செய்கிற நிறங்காட்டிகளையும் நான் ஒதுக்கமாட்டேன். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்கிறதே, அது நிறங்காட்டி வேலைதான். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப் போட்டால் சிவப்பதும் அதேதான். செம்பருத்தி, சங்குப்பூ சாறு அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் பச்சையும் காட்டும். பிள்ளைகள் கண் விரியப் பார்ப்பார்கள். ஆனால் நிறம் படிப்படியாக மாறுகிறது, சாறு இரண்டு நாளில் கெடுகிறது. விற்கிற சரக்கின் அளவை அதை நம்பி எழுத முடியாது.

சரி, எது வாங்கலாம்? என் முடிவு: முதல் பாட்டில் பினாப்தலீன், இரண்டாவது மெத்தில் ஆரஞ்சு. அம்மோனியாவுக்கு மட்டும் பார்த்தால் மெத்தில் ரெட்தான் சிறந்தது என்று தெரிந்தே சொல்கிறேன். மெத்தில் ரெட் சலவை சோடாவின் இரண்டாவது படியில் தடுமாறும். கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு அதை முன்கூட்டியே சிவக்க வைக்கும், கொதிக்க வைத்து ஆற்றித்தான் முடிக்கவேண்டும். மெத்தில் ஆரஞ்சுக்கு அந்தத் தொல்லை குறைவு. அம்மோனியாவையும் அது ஏமாற்றாது. புரோமோதைமால் புளூ அழகானது, ஸ்ட்ராவால் ஊதினால் நம் மூச்சுக் காற்றிலேயே மஞ்சளாகும். டியூஷன் சென்டர் என்றால் மூன்றாவதாக அதை வாங்கலாம். தம்பிக்கு வேண்டாம்.

மெத்தில் ஆரஞ்சில் ஒரு குறை உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. பகல் வெளிச்சத்தில், குடுவைக்கு அடியில் வெள்ளை டைல்ஸ் துண்டு வைத்துப் பார்க்கவேண்டும். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்கள் அதை வேறொருவர் கண்ணால் பார்ப்பது நல்லது. பினாப்தலீனிலும் பொறுமை வேண்டும். வரவேண்டியது இருக்கிறதா இல்லையா என்று தோன்றுகிற மெல்லிய நிறம், அரை நிமிஷம் நிற்கவேண்டும். ரோஸ்மில்க் நிறம் வந்தால் தாண்டிவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து வெளுத்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் வேலை, மறுபடி காஸ்டிக் ஊற்றக் கூடாது. இரண்டு சொட்டுக்கு மேல் நிறங்காட்டி விடவும் கூடாது. அதுவும் அமிலமோ காரமோதானே, தன் பங்கைக் குடித்துக்கொள்ளும்.

காஸ்டிக் செதில் நம் கடலோரக் காற்றில் நிமிஷத்தில் ஈரம் பிடிக்கும். எடை பார்த்துக் கரைத்ததை அப்படியே 0.1 நார்மல் என்று நம்பக் கூடாது. லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம் கரைத்து, அதை வைத்துக் காஸ்டிக்கின் அளவை முதலில் சரிபார்க்கவேண்டும். ஆக்சாலிக்கும் முழு வலிமை உள்ளதில்லை, அதற்கும் பினாப்தலீன்தான்.

தம்பி பாரிமுனைக் கெமிக்கல் கடையில் பினாப்தலீன் வாங்கி வந்தார், ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மூன்று முறை பார்த்தோம், மூன்றிலும் 16.5 மில்லி. 3.96 சதவீதம். அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு அந்த மீதி 0.04 உறுத்தியது. சொட்டுக் கணக்கில் மூன்று சொட்டுதான், ஆனால் மூன்று முறையும் ஒரே பக்கமாக விலகுமா?

"கலக்க எந்தத் தண்ணி ஊத்துன?"

"போர் தண்ணிதான்ணா."

அந்தத் தண்ணீரில் 100 மில்லி எடுத்தோம். பினாப்தலீன் விட்டால் நிறமே இல்லை. அதை மட்டும் வைத்திருந்தால் காரத்தன்மை பூஜ்யம் என்று எழுதியிருப்போம். மெத்தில் ஆரஞ்சு விட்டு 0.02 நார்மல் அமிலத்தை ஊற்றினோம், 32 மில்லி குடித்தது. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 320 மில்லிகிராம் காரத்தன்மை, அத்தனையும் பைகார்பனேட்டால் வருவது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீருக்கு 320 ஆச்சரியம் இல்லை. அந்த பைகார்பனேட் ஒவ்வொரு லிட்டர் வினிகரிலும் 0.38 கிராம் அசெட்டிக் அமிலத்தைத் தின்றுவிடும். திறந்த டிரம்மில் கலக்கக் கலக்கக் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும், அசெட்டேட் மிஞ்சும். 40 கிராமில் 0.38 போனால் 39.6. எங்கள் பியூரெட் காட்டியதும் அதுவே.

தம்பி நோட்டில் அதை எழுதிக்கொண்டார். அடுத்த டிரம்முக்கு லிட்டருக்கு அரை கிராம் அசெட்டிக் அமிலம் கூடச் சேர்க்கப்போகிறார்.